கடைசி முடிச்சு

மோட்டார் எரிந்துபோனால் அதைத் திறப்பதற்கு முன்பே வாசனை சொல்லிவிடும். வார்னிஷும் செம்பும் சேர்ந்து கருகும் வாசனை. மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர் என்பதால் எல்லோரும் வைண்டர் என்று கூப்பிட்ட அந்த மனிதர் இளவயதிலிருந்தே அதற்குள் வாழ்ந்தவர். சட்டையில், தலைமயிரில், சாப்பிடும் கையில் அது இருந்தது. கல்யாணமான புதிதில் மனைவி மூக்கைச் சுளித்தாள். பிறகு, அவர் படியேறும்போதே அடுப்படியிலிருந்து தட்டை எடுத்து வைக்கப் பழகிக்கொண்டாள்.

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. எதிரில் போல்ட், நட்டு விற்கும் கடை. பக்கத்தில் லேத் பட்டறை. பகல் முழுவதும் இரும்பு சீவும் சத்தம். கடையில் இருந்தது இரண்டே பேர்: வைண்டரும் அவருடைய மனைவியின் தம்பியும். வீடுகளிலிருந்து, ஓட்டல்களிலிருந்து, சின்ன ஆலைகளிலிருந்து எரிந்த மோட்டார்கள் வரும். கருகிய கம்பியை வெட்டி உருவி, கூட்டைத் துடைத்து, புதிய செம்புக்கம்பியைச் சுருளாகச் சுற்றிப் பள்ளங்களில் இறக்குவார்கள். வெளியே பிதுங்கி நிற்கும் சுருள்களின் தலைகளை நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். அதன்மேல் வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தால் நூல் கல்லாகிவிடும்.

அந்தக் கட்டைப் பார்த்தே சுற்றிய ஆளைக் கண்டுபிடிக்கலாம். கையெழுத்தைவிட உறுதியாக. வைண்டரின் கட்டு நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும்.

"மாமா, நீங்க பொண்ணுக்கு ஜடை பின்றதும் மோட்டார் கட்டறதும் ஒரே மாதிரிதான்" என்பான் மைத்துனன். "என்ன, ரிப்பன் ஒண்ணுதான் குறை."

"உன் கட்டுக்கு இது தேவலை. உன்னுது குரங்கு பிரிச்ச கயிறு மாதிரி இருக்கு."

மைத்துனன் இடதுகைக்காரன். அவன் போடும் முடிச்சு மற்ற எல்லா முடிச்சுக்கும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. மைத்துனன் கொண்டுவந்தது. சுற்றியவன் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது என்பது அவன் வாதம். அதனால் ஒருவர் சுற்றிக் கட்டி முடித்ததும் நூலின் நுனியை முடிச்சுப் போடாமல் தொங்கவிட்டுவிட வேண்டும். மற்றவர் வந்து மீட்டர் வைத்துச் சோதித்து, சரியாக இருந்தால் மட்டும் அந்தக் கடைசி முடிச்சைப் போடுவார். நுனி தொங்கும் மோட்டார் கடையை விட்டு வெளியே போகாது. வைண்டர் சுற்றிய மோட்டார்களில் எல்லாம் கடைசி முடிச்சு இடப்பக்கம் சாய்ந்திருந்தது அதனால்தான்.

"நாம ஒருத்தரை ஒருத்தர் நம்பலையா, மாப்ள?" என்று ஆரம்பத்தில் கேட்டார்.

"நம்பறதாலதான் மாமா உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்."

கடைக் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

ஒரு வாரம், அந்தக் கணக்கு இருந்த வங்கியில் பழைய கணினிகளைத் தூக்கிவிட்டுப் புதியவற்றை வைத்தார்கள். சனிக்கிழமை மதியம் வைண்டரின் போனில் ஒரு செய்தி வந்தது. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். போனை மைத்துனனிடம் நீட்டினார். யாரோ ஒரு பெரிய கம்பெனிக்குப் போக வேண்டிய பணம் அவர்கள் கணக்கில் வந்து விழுந்திருந்தது.

"மாமா, இது நம்மளுது இல்ல."

"தெரியுது."

"இந்தக் கடையை வித்தாலும், இந்தத் தெருவையே வித்தாலும் இவ்வளவு வராது."

"தெருவை விக்க நீ யாரு?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு மைத்துனன் சிரிப்பை நிறுத்தினான்.

"திங்கக்கிழமை முதல் வேலையா போய்ச் சொல்லிடலாம். பாவம், எவன் வேலை போகப்போகுதோ."

"சொல்லிடலாம்" என்றார் வைண்டர். அப்போது அவர் அதை உண்மையாகத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்று காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, பாதியில் கை நின்றது. "அப்பா, வலிக்குது" என்றாள் மகள். அவர் மயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னி முடித்துவிட்டு வெளியே போனார். நகைக்கடை நகைக்கடையாக ஏறி இறங்கினார். போனிலிருந்தே பணம் போனது. தங்கம் கைக்கு வந்தது. எந்தக் கடையிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு கடையில் மட்டும் கல்யாணமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். வங்கி செய்த தவறு, நம் தவறு இல்லை என்றார். அவள் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"தம்பிக்குத் தெரியுமா?"

"அவன்கிட்ட பேசியாச்சு. அவன் பங்கை எடுத்துட்டு அவன் வேற பக்கம் போறான். கொஞ்ச நாளைக்கு யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. ஊர் அடங்கினதும் அவனே தேடிட்டு வருவான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். தம்பி சம்மதித்திருந்தால் அது அவ்வளவு கெட்ட காரியமாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சாயங்கால பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள்.

போய்ச் சேர்ந்த ஊரில் அவரை வைண்டர் என்று கூப்பிட யாரும் இல்லை. மூன்றாவது மாடியில் வாடகைக்கு வந்தவர் என்பதால் மூணாவது மாடிக்காரர் ஆனார். துணி வியாபாரம் என்று சொல்லிவைத்தார். வெளியே போகும்போது ஒரு பெரிய பையை எடுத்துப்போவார். தூரத்து ஊர்களில், ஒருமுறை போன கடைக்கு மறுமுறை போகாமல், தங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிட்டு வருவார்.

கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா இருந்தாள். அவள் கண்ணில் படாமல் அந்தக் கட்டடத்தில் பூனைகூட நுழைய முடியாது.

"துணி வியாபாரம்னு சொல்றீங்க. ஒரு கைக்குட்டையாவது கண்ணுல காட்டுங்களேன்."

"மொத்த வியாபாரம்மா. வீட்டுக்குக் கொண்டுவர மாட்டோம்."

"அதுக்கு ஏன் பட்டப்பகல்ல உள்ள தாழ்ப்பாள்? மடியில கனமா?"

அவர் சிரித்து வைத்தார். அன்று மேலே போனதும் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போடும்படி அதற்கு எண்ணெய் விட்டார்.

போன புதிதில் ஒருநாள், வேறொரு ஊர் பஸ் நிலையத்திலிருந்து, யாரோ ஒருவரின் போனைக் கேட்டு வாங்கி, சந்தில் எதிரில் இருந்த போல்ட் கடைக்குப் பேசினார். குரலை மாற்றிக்கொண்டு, மோட்டார் ஒன்று கொடுத்திருந்தேன், கடை பூட்டியிருக்கிறதே என்றார்.

"அந்த மோட்டாரை மறந்துடுங்க சார். கடைக்கு சீல் வெச்சாச்சு. மாமன்காரன் பேங்க் பணத்தோட ஓடிட்டான். மச்சானை உள்ள வெச்சிருக்காங்க."

"அவர் என்ன செஞ்சார்?"

"ஒண்ணும் செய்யலன்னுதான் சொல்றான். திங்கக்கிழமை காலையில அவனே பேங்குக்குப் போய் நின்னிருக்கான், பணம் தப்பா வந்திருக்குன்னு சொல்ல. ரெண்டு பேர் கணக்காச்சே, யார் நம்புவா? பாவம், அடி வேற. எந்த மோட்டார் சார் உங்களுது?"

அவர் போனைக் கொடுத்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய பஸ் வந்து, நின்று, போய்விட்டது. மனைவியிடம் அவர் அதைச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததை அடுத்த நாள் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அது சொல்லக்கூடிய விஷயமாகவே இல்லாமல் போனது. அவளோ தம்பியைப் பற்றி அவ்வப்போது ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாள். இந்நேரம் தனியாகக் கடை போட்டிருப்பான். கல்யாணம் செய்துகொண்டானோ என்னவோ. தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் அவளுக்கு அது ஒன்றுதான் பேச்சு.

கையிலிருந்த வாசனை மெல்லப் போயிற்று. நகக்கண்களில் கறுப்பு இல்லை. சில சமயம் சாப்பிடும்போது தன் கையை யாருடையதோ போலப் பார்த்தார். மகளுக்கு இப்போது அவர் தலை பின்னுவதில்லை. அவளே பின்னிக்கொண்டாள்.

கட்டடத்துத் தண்ணீர் மோட்டார் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறையில் இருந்தது. அடுத்த கோடையில் அது எரிந்தது. வாசனை மூன்றாவது மாடிக்கு வந்தபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பிறகு உட்கார்ந்தார். அந்தத் தெருப் பம்ப் மெக்கானிக் எடுத்துப்போய்ச் சுற்றிக் கொண்டுவந்தான். ஒரு வாரத்தில் மறுபடியும் எரிந்தது. மறுபடி சுற்றினான். மறுபடி எரிந்தது. எல்லா மாடிக்காரர்களும் குடத்தோடு படியேறினார்கள். மனைவி நடுப்படியில் குடத்தை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"நீங்க ஒரு தடவை பாக்கக் கூடாதா?"

"நான் துணி வியாபாரி."

"தண்ணி தூக்கறவளுக்குத் தெரியும் நீங்க யாருன்னு."

அவர் கீழே இறங்கியபோது மெக்கானிக் மோட்டாரைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். பருமனான, நல்ல சுபாவமுள்ள ஆள். அவன் சுற்றியிருந்ததைப் பார்த்ததும் வைண்டரின் வாய் தானாகத் திறந்தது.

"கம்பி மெல்லிசு. அடியில காகிதமே வெக்கலியேப்பா."

"உங்களுக்கு இந்த வேலை தெரியுமா சார்?"

"சின்ன வயசுல கொஞ்சம் பாத்திருக்கேன்."

கம்பியும் காகிதமும் நூலும் வார்னிஷும் அவனே வாங்கி வந்தான். வைண்டர் படிக்கட்டுக்கு அடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். முதல் சுருளை இறக்கும்போது விரல்கள் கொஞ்சம் தடுமாறின. அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் நினைவில்லை. வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டுப் போனதோ, மெக்கானிக் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்ததோ தெரியவில்லை. மகள் பள்ளியிலிருந்து வந்து படியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, பழைய வாசனை வருது."

"பிடிக்கலியா?"

"பிடிச்சிருக்கு. மாமா மேலயும் இதே வாசனைதான்."

அவர் தலையைத் தூக்காமல் நூலை இழுத்துக் கட்டிக்கொண்டே போனார். சீராக, நெருக்கமாக, ஜடை போல. கட்டி முடித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, வார்னிஷ் ஊற்றினார். காயவைத்து மூடியைப் பூட்டிப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் முனகாமல் ஓடியது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் இரண்டாவது மாடியில் யாரோ கை தட்டினார்கள்.

தான் செய்தது என்னவென்று அவருக்குப் பல நாட்கள் கழித்துத்தான் தெரிந்தது. தங்கம் விற்றுவிட்டுத் திரும்பும் பஸ்ஸில், முன் இருக்கைப் பெண்ணின் ஜடை நுனி கட்டப்படாமல் பிரிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டாரில் நூலின் நுனியை அவர் கட்டவே இல்லை. தொங்கவிட்டு, அதன்மேல் வார்னிஷ் ஊற்றியிருக்கிறார். ஆயுள் முழுக்கச் செய்ததைப்போல, மைத்துனன் வந்து பார்த்துக் கட்டுவான் என்று விட்டுவிட்டார். உலகத்தில் ஒரே ஒரு கடையில் மட்டும் இருந்த வழக்கம் அது.

திரும்பி வந்ததும் திறந்து நுனியை வெட்டிவிட நினைத்தார். ஆனால் நன்றாக ஓடும் மோட்டாரை ஏன் திறக்கிறீர்கள் என்று வீட்டுக்காரம்மா கேட்பாள். ஓடுகிறவரை யாரும் திறக்கப்போவதில்லை. அவர் சுற்றியது எளிதில் எரியாது. தன் கையை நம்பி விட்டுவிட்டார். அன்றிலிருந்து படிக்கட்டைக் கடக்கும்போதெல்லாம் நின்று அதன் சத்தத்தைக் கேட்டார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் வெளியூர் போய்விட்டு வந்தபோது படிக்கட்டுக்கு அடியில் சத்தம் இல்லை. அறைக் கதவு திறந்திருந்தது. மோட்டார் இருந்த இடத்தில் இரண்டு குழாய் முனைகளும் ஈரமும் மட்டும் இருந்தன.

"மெக்கானிக் எடுத்துட்டுப் போயிருக்கான்" என்றாள் வீட்டுக்காரம்மா. "தண்ணி கசிஞ்சுது. பயப்படாதீங்க, உங்க வேலையை யாரும் தொட மாட்டாங்க. பெத்த பிள்ளையைக் காணோங்கற மாதிரி நிக்கறீங்களே."

அன்று அவர் சாப்பிடவில்லை. மெக்கானிக் கடைக்குப் போவதற்காகத் தெருமுனை வரை இரண்டு தடவை நடந்துவிட்டுத் திரும்பினார். போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம் மெக்கானிக் மோட்டாரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தான். இறக்கிவைத்துக் குழாய்களை மாட்டினான். அவர் பக்கத்தில் நின்றார்.

"நீதான் சரி பண்ணினியா?"

"இல்ல சார். உள்ள ஒரு வளையம் போயிருந்தது. பெரிய பட்டறைக்கு அனுப்பினேன். அங்க புதுசா ஒருத்தர் வந்திருக்கார். எந்த ஊர்லயும் கொஞ்ச நாளுக்கு மேல நிக்க மாட்டாராம். பட்டறை பட்டறையா மாறிட்டே இருப்பாராம். வர்ற மோட்டாரையெல்லாம், எரிஞ்சுதோ எரியலியோ, திறந்து உள்ள பாப்பாராம். ஜெயிலுக்குப் போய் வந்தவர், கிறுக்குன்னு சொல்றாங்க. ஆனா வேலை சுத்தம்."

"என்ன சொன்னார்?"

"ரொம்ப நேரம் தொடாம பாத்துட்டே இருந்தார். அப்புறம், இது எந்த வீட்டு மோட்டார்னு கேட்டார். சொன்னேன்."

"சொல்லிட்ட."

"இதுல என்ன சார் ஒளிவு மறைவு? கூலி வாங்கவே மாட்டேன்னுட்டார். பாக்கி ஒரு வேலை இருந்துது, முடிச்சாச்சு, அப்படின்னு சுத்தினவர்கிட்ட சொல்லச் சொன்னார். என்ன பாக்கின்னு உங்களுக்குத் தெரியுமாம்."

மெக்கானிக் கையைக் கழுவிக்கொண்டு போனான். அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பின்பக்க மூடியின் திருகாணிகளைக் கழற்றினார். அவருடைய கட்டு அப்படியே இருந்தது. அதன் கடைசியில், வார்னிஷ் பூசாத வெள்ளை நூலால், ஒரு முடிச்சு புதிதாகப் போட்டிருந்தது. அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அவர் அதைத் தொடவில்லை. யோசித்தார். மூன்று பேருக்கும் துணி எடுத்துவைக்கக் கொஞ்ச நேரம் போதும். மகளைப் பள்ளியிலிருந்து அப்படியே அழைத்துக்கொள்ளலாம். பஸ் நிலையம் பக்கம்தான். ஆனால் ஏன் என்று மனைவி கேட்பாள். தம்பி வரும்போது ஏன் ஓட வேண்டும் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் போல்ட் கடைக்குப் பேசிய நாளின் பஸ் நிலையத்துப் பெஞ்சிலிருந்து தொடங்க வேண்டும்.

"தண்ணி வருமா வராதா?" என்று கேட்டுக்கொண்டே அவள் குடத்தோடு இறங்கி வந்தாள். மூடி திறந்திருந்த மோட்டாரைக் குனிந்து பார்த்தாள். குடத்தைத் தரையில் வைத்தாள்.

"இது தம்பி முடிச்சு இல்ல?"

அவர் கழற்றிய திருகாணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. தம்பி போட்டதுதானே? இந்தக் கோணல் முடிச்சை வேற எவன் போடுவான்? அவன் சட்டைப் பொத்தானைக்கூட இப்படித்தான் தைப்பான்." அவள் விரலால் நூலைத் தொட்டாள். கண் நிறைந்துவிட்டது. "இந்த ஊர்லதான் இருக்கானா?"

"பெரிய பட்டறையில இருக்கானாம்."

"வீடு தெரியுமா அவனுக்கு? நீங்க சொல்லி விட்டீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டியதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

"ஊர் அடங்கினதும் அவனே வருவான்னு சொன்னீங்க. நான்தான் உள்ளுக்குள்ள நம்பாமலே இருந்தேன். உங்களைத் தப்பா நினைச்சேன். என்னை மன்னிச்சிடுங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படி இருக்கானாம்? இளைச்சிருக்கானா? என்னிக்கு வர்றானாம்?"

"இன்னிக்கா நாளைக்கா தெரியல."

அவள் குடத்தை மறந்துவிட்டுப் படியேறினாள். வழியில் வீட்டுக்காரம்மாவிடம் எதையோ சொல்வது கேட்டது. என் கூடப் பிறந்தவன் வர்றான், யாராவது வந்து விசாரிச்சா நேரா மேல அனுப்புங்க. இவ்வளவு நாளா எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே என்று வீட்டுக்காரம்மா சிரித்தாள். அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

வைண்டர் மூடியை எடுத்துப் பொருத்தினார். திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். கடைசித் திருகாணி கையிலிருந்து நழுவி உருண்டது. மண்டியிட்டுத் தேடி எடுத்தார். பொத்தானை அழுத்தினார். மோட்டார் முனகாமல் ஓடியது. தண்ணீர் சுவரையொட்டிய குழாயில் ஏறியது. முதல் மாடி, இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி.

மேலே அவருடைய வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம். காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அவள் அதைக் குறுக்கே வைக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

அவர் படிக்கட்டின் முதல் படியில், தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். கையை முகர்ந்து பார்த்தார்.